கவிழ்த்த கிண்ணத்துக்குள் ஓர் இரவு

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மாலை அது. எங்கள் தெருக்கோடியில் வீடு எழும்பாமல் புல் மண்டிக் கிடக்கும் மனையில் வெள்ளை வெள்ளையாகக் குடைகள் விரிந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பெரியவை சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தன. சின்னவை உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றின் உச்சியிலும் தவிட்டு நிறத்தில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி அதே நிறத்தில் உரிந்து நிற்கும் செதில்கள். பந்தியில் உட்கார்ந்தாற்போல் ஏறக்குறைய வட்டமாக முளைத்திருந்தன. முந்தின நாள் அந்த வழியாகப் போனபோது புல்லைத் தவிர ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

எதிர்வீட்டு அக்கா எனக்கு முன்பே முறத்தோடு வந்துவிட்டார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். முறத்தில் ஏற்கெனவே நான்கு காளான் கிடந்தன.

“புத்துக்காளான் தம்பி. சின்ன வெங்காயம் வதக்கி, மிளகைத் தட்டிப் போட்டா ஆட்டுக்கறி தோத்துப்போகும். உங்க வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்புறேன்.”

“இங்க புத்து எங்கக்கா இருக்கு?”

“மண்ணுக்கு அடியில இருக்கும். எல்லாப் புத்துமா மேல தெரியுது?”

அவர் சொன்னது நியாயம்தான். கறையான் கூடு முழுக்க நிலத்துக்குள்ளேயே இருப்பதுண்டு. ஆனால் அந்தத் தவிட்டுச் செதில்கள் எனக்கு உறுத்தின. ஒரே ஒரு காளானைக் கொடுங்கள், காலையில் என்னவென்று சொல்கிறேன், அதுவரை அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “நாளைக்கு வாடிப் புழு வச்சிருமே” என்று அவர் முகம் சுருங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள்தான், “இருக்கட்டும்மா, மாமா என்ன செய்றாங்கன்னு பார்ப்போம்” என்றாள்.

செய்தது மிகச் சின்ன வேலை. கறுப்பு அட்டையில் பாதியும் வெள்ளைத் தாளில் பாதியும் சேர்த்து ஒட்டினோம். நன்றாக விரிந்த, உள்ளங்கை அகலக் காளான் ஒன்றை எடுத்துத் தண்டைக் குடையோடு ஒட்ட நறுக்கினேன். குடையைத் திருப்பிக் காட்டினால் அடியில் புத்தகத் தாள்களை அடுக்கினாற்போல் மடிப்புகள். மீனின் செவுளைப் போலிருப்பதால் அதற்குச் செவுள் என்றே பெயர். செவுள் கீழே இருக்கும்படி, பாதி கறுப்பிலும் பாதி வெள்ளையிலும் விழும்படி குடையை வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, குழம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினோம். இரவு முழுக்க யாரும் தொடக்கூடாது. காற்று படக்கூடாது.

காளானுக்கு விதை கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஸ்போர் என்று படிப்போமே, அந்த வித்துத்தூள்தான் அதன் சந்ததி. ஒரு தூளின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் படிந்தால் நிறம் தெரியும். அந்த நிறம் இனத்துக்கு இனம் மாறும். வெயிலில் வெளுத்தாலும் மழையில் நனைந்தாலும் குடையின் நிறம் மாறுவதுபோல் இது மாறாது. கடையில் வாங்கும் மொட்டுக்காளான் விரிந்தபின் வைத்தால் சாக்லேட் பழுப்பு. வைக்கோல் காளான் இளஞ்சிவப்பு. சாணத்தில் முளைக்கும் பல சின்னக் காளான்களுக்குக் கரிக் கறுப்பு. வெள்ளைத்தூள் கொட்டுபவை ஏராளம். அதனால்தான் கறுப்பு அட்டையும் வேண்டியிருக்கிறது.

தூள் வெறுமனே உதிர்ந்து விழுவதாகத்தான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு தூளும் தன் காம்பிலிருந்து கவண்கல்போல் எறியப்படுகிறது. தூளின் அடிமூக்கில் ஈரக்காற்றிலிருந்து நுண்ணிய நீர்த்துளி ஒன்று திரள்கிறது. பக்கத்திலேயே தூளின் உடம்பில் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. துளி பெருத்துப் படலத்தைத் தொட்ட கணம் இரண்டும் ஒன்றாகின்றன. மழைநாளில் ஜன்னல் கம்பியில் இரண்டு துளிகள் சட்டென்று கலக்குமே, அதே விசைதான். அந்தக் கலப்பின் உந்துதலில் தூள் பாய்கிறது. கனடாவின் வின்னிப்பெக் நகரில் பேராசிரியராக இருந்த ரெஜினால்ட் புல்லர் வாழ்நாள் முழுக்க இதைக் கவனித்து எழுதினார். அந்தத் துளிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். பாய்ச்சலின் தூரத்தைப் பாருங்கள், அதுதான் எனக்கு ஓயாத ஆச்சரியம். அளவு கொஞ்சம் கூடினால் எதிர்ச்செவுளில் மோதி ஒட்டிக்கொள்ளும்; குறைந்தால் சொந்தச் செவுளிலேயே சிக்கும். இரண்டு செவுளுக்கும் நடு இடைவெளிக்கு வந்ததும் வேகம் அடங்கி, நூல் பிடித்தாற்போல் நேராகக் கீழே விழுகிறது. காளான் சாய்ந்துவிட்டால் தண்டு வளைந்தும் செவுள் திரும்பியும் மறுபடி செங்குத்தாக நின்றுகொள்ளும். கிண்ணத்துக்குள் எங்கள் காளான் அன்றிரவு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

புதிதாகக் காளான் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இது விஷமா, இல்லையா? அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கும்வரை யாருக்கும் காளான் பிடிபடாது என்பது என் எண்ணம். காளான் நஞ்சு என்று ஒரு பொருள் இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சோதனை இருக்கலாம். இருப்பதோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ வேதிப்பொருள்கள். ஒன்று குடலைப் புரட்டும், ஒன்று மூளையைக் கலக்கும், ஒன்று சிறுநீரகத்தை இரண்டு வாரம் கழித்து மெல்லச் சாய்க்கும். சாராயம் குடித்தால் மட்டும் வேலையைக் காட்டுகிற காளான்கூட உண்டு. எல்லாவற்றையும் ஒரு வெள்ளிக் கரண்டி எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆனாலும் கரண்டியை நம்புகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். காளானோடு வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்துக் கறுக்கிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம் கலந்த சேர்மங்கள். அவித்த முட்டை பட்டாலும் வெள்ளி கறுக்கும். மஞ்சள் போட்டு, பூண்டு போட்டு, அரிசி போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் இதே வகைதான். குடையின் தோல் உரிந்தால் நல்லது என்பார்கள். கொடிய காளான்களிலும் தோல் அழகாக உரியும். பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பார்கள். மனிதனைக் கொல்லும் காளானை ஓடில்லா நத்தைகள் ரசித்துத் தின்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. பளிச்சென்று நிறமிருந்தால்தான் கெட்டது என்பதும் தவறு. சாந்தமான வெள்ளையும் வெளிறிய பச்சையும்தான் அதிக உயிர்களைக் குடித்திருக்கின்றன.

“போன வருஷம் இதைத்தான் சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகல” என்பதுகூடப் போதாத சாட்சி. ஜெர்மனியில் ஜூலியஸ் ஷேஃபர் என்று ஒரு காளான் அறிஞர் இருந்தார். சாதாரண ஆள் இல்லை, ருசுலா என்ற காளான் பேரினத்தைப் பற்றி நூல் எழுதியவர். பாக்ஸில்லஸ் என்ற ஒரு பழுப்புக் காளானை அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பலரும் சமைத்துச் சாப்பிட்டார்கள். 1944ல் அதைச் சாப்பிட்ட ஷேஃபர் நோயில் விழுந்து இறந்தார். பிற்பாடுதான் காரணம் தெரிந்தது: அந்தக் காளானைத் திரும்பத் திரும்பச் சாப்பிடும் சிலருடைய உடம்பு, அதற்கு எதிராகக் கிளம்பித் தன் சொந்தச் சிவப்பணுக்களையே உடைக்கத் தொடங்கிவிடுகிறது.

எல்லாவற்றிலும் கொடியதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்பது அதன் பெயர். ஐரோப்பாவில் ஓக் போன்ற மரங்களின் வேரோடு உறவு வைத்து வாழ்ந்தது; மரக்கன்றுகளின் வேரோடு ஒட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் கப்பலேறியது. உலகில் காளானால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பகுதி இதன் கணக்கில் வருகிறது. பாதிக் காளானே ஒரு பெரியவரைக் கொல்லப் போதும். கசக்காது. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும்.

அமானிட்டின் என்கிற அந்த நஞ்சு எட்டு அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்ன வளையம். அது செய்யும் வேலையைப் பத்திர ஆபீஸை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நம் செல்லுக்குள் டி.என்.ஏ. என்பது மூலப்பத்திரம். அதை வெளியே விடமாட்டார்கள். என்ன வேண்டுமோ அதற்கு நகல் எடுத்துத்தான் கொடுப்பார்கள். நகலைப் பார்த்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும். நகல் எடுக்கும் எழுத்தரின் கையை அமானிட்டின் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மூலப்பத்திரத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை, ஆனால் நகல் வருவதில்லை. ஏற்கெனவே எடுத்த நகல்கள் தீரும்வரை செல் ஓடும், பிறகு சாகும். இடைவிடாமல் புரதம் செய்யும் கல்லீரல்தான் முதலில் விழுகிறது. கல்லீரல் நஞ்சைப் பித்தத்தோடு குடலுக்குத் தள்ளுகிறது. குடல் அதை உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்புகிறது.

இதனால்தான் இந்த நஞ்சுக்கு ஒரு பொல்லாத கால அட்டவணை இருக்கிறது. சாப்பிட்டு 6 மணி முதல் 12 மணி நேரம்வரை, சிலருக்கு அதற்கு மேலும், ஒன்றுமே தெரியாது. பிறகு கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் அது தணிந்து ஆள் எழுந்து உட்காருவார், கஞ்சி குடிப்பார். வீட்டார் தெய்வத்துக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் கண் மஞ்சளிக்கும்போது, கல்லீரல் மாற்று அறுவை தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்கு வந்திருப்பார்கள் சிலர். 2023ல் சீன ஆய்வாளர்கள், மருத்துவமனைகளில் ஏற்கெனவே புழங்கும் ஒரு பச்சைச் சாயம் எலிகளை இந்த நஞ்சிலிருந்து காப்பாற்றியதாக வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

2022 ஏப்ரலில் அசாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக்காளான் சாப்பிட்டவர்கள் திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரிசையாகக் கொண்டுவரப்பட்டார்கள். சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். காளான் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள்; மழைக்குப் பின் காளான் பறிப்பது வழக்கமாக இருந்தவர்கள். பசிக்கும் பழக்கத்துக்கும் நடுவே ஒன்றைப்போல் இன்னொன்று வந்து நின்றுவிட்டது.

இந்த ஒன்றைப்போல் இன்னொன்று என்பதுதான் தொடக்கக்காரர் கவனிக்க வேண்டிய இடம். வைக்கோல் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் கிழக்காசியா முழுவதிலும் வைக்கோலில் வளர்த்து உண்ணும் நல்ல காளான். சின்ன வயதில் முட்டைபோல் ஓர் உறைக்குள் இருக்கும். உறையைக் கிழித்துக்கொண்டு குடை எழும். உறை தண்டின் அடியில் கிண்ணம்போல் தங்கிவிடும். அமானிட்டா ஃபல்லாய்டிஸும் அச்சு அசலாக அப்படித்தான் பிறக்கிறது. சொந்த ஊரில் வைக்கோல் காளான் தின்று வளர்ந்த ஆசியர்கள், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓக் மரத்தடியில் அதே முட்டையைப் பார்த்து, நம் ஊர்க் காளான் இங்கேயும் இருக்கிறதே என்று பறித்திருக்கிறார்கள். 2012 புத்தாண்டை ஒட்டி ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் அப்படிச் சமைத்த ஒரு விருந்தில் இருவர் இறந்தார்கள். பறித்தவர் ஒரு சமையல்காரர். ஊர் மாறும்போது பழைய அறிவு கூடவே பயணம் செய்யும், காளான் இனங்கள் அப்படிச் செய்வதில்லை.

இரண்டையும் பிரிப்பது என்ன தெரியுமா? அமானிட்டாவின் தண்டில் பாவாடை கட்டினாற்போல் ஒரு வளையம் தொங்கும். வைக்கோல் காளானில் அது இல்லை. ஆனால் வளையம் உதிர்ந்தும் போகும். அப்போது கைகொடுப்பது கிண்ணத்துக்கு அடியில் விழும் தூள்தான். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமானிட்டாவுக்கு வெள்ளை. இரண்டுக்கும் நடுவே ஓர் இரவுதான் இருக்கிறது.

காளானைக் கத்தியால் அறுத்து எடுக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். களைக்கொத்தியால் சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி அடியோடு எடுக்க வேண்டும். அடையாளத்தின் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. அமானிட்டாவின் அடிக்கிண்ணம் மண்ணுக்குள்ளேயே நின்றுபோனால் கையில் வருவது சாதுவான ஒரு வெள்ளைக்காளான். போனில் படம் எடுத்துப் பெயர் சொல்லும் செயலிகளை உயிர் விஷயத்தில் நம்பக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மேலிருந்து எடுத்த படத்தில் செவுள் இல்லை, அடி இல்லை, மணம் இல்லை, தூள் இல்லை, பக்கத்து மரம் என்னவென்று இல்லை. பந்துபோல் உருண்டு கிடக்கும் வெள்ளைக் காளானைக் கண்டால் உச்சியிலிருந்து நேராக இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே ரொட்டிபோல் ஒரே வெள்ளையாக இருந்தால் பந்துக்காளான் வகையாக இருக்கலாம். குட்டிக் குடையும் தண்டும் கோட்டுச் சித்திரம்போல் தெரிந்தால், அது விரியக் காத்திருக்கும் அமானிட்டாவாக இருக்கலாம்.

தொடுவதற்குப் பயப்பட வேண்டாம். நம் பக்கம் காணும் குடைக்காளான்களைத் தொட்டதால் நஞ்சு ஏறாது. கையைக் கழுவிக்கொண்டால் போதும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பைன் தோப்புகளில், சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அமானிட்டா மஸ்காரியாவைப் பார்க்கலாம். பைன் வெளியூர் மரம். அதன் வேரோடு வந்த விருந்தாளி இது. குழந்தைகள் கதைப்புத்தகத்தில் பார்த்த காளான் என்று ஓடுவார்கள். மண்டியிட்டு உட்கார்ந்து ஆசைதீரப் பார்க்கட்டும். வாய்க்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அக்கா சொன்ன புற்றுக்காளானுக்கு வருகிறேன். என் அப்பத்தா அதைத்தான் காளான் என்பார். மற்றதெல்லாம் அவருக்கு நாய்க்குடை. புற்றுக்கரையில் குந்தி உட்கார்ந்து, குடையைத் தொடாமல் தண்டைச் சுற்றி விரலாலேயே மண்ணைப் பறிப்பார். பறிக்கப் பறிக்கத் தண்டு வேர்போல் மெலிந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரு சாண், ஒரு முழம். “வால் அறாம வரணும்டா, அறுந்தா எனக்கு நம்பிக்கை இல்ல” என்பார். அவருக்கு எழுத்து தெரியாது. அந்த வால் எங்கே போய் முடிகிறது என்பதைப் பின்னாளில் படித்தபோதுதான் அவர் விரல்கள் எதைத் தேடின என்று எனக்குப் புரிந்தது.

அது முடிவது ஒரு தோட்டத்தில். நம் ஊர்ப் புற்றுக் கறையான்கள் மரத்தையும் சருகையும் தின்னும், ஆனால் அதை முழுதாகச் செரிக்க அவற்றால் முடியாது. அரைகுறையாகச் செரித்த எச்சத்தைக் கூட்டுக்குள் தேன்கூடுபோல் அடுக்கி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை அந்த மரத்தூளைப் பக்குவப்படுத்தித் தருகிறது. கறையான் அதைத் தின்கிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று பெருமைப்படுகிறோம். கறையான் இந்த விவசாயத்தைத் தொடங்கி ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்துப் பூஞ்சை, மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. துளைப்பதற்காகவே குடையின் உச்சியில் கூரான ஒரு மூக்கு இருக்கும். ஈசல் பறந்துபோய்ப் புதுக் குடித்தனம் வைத்து, அதன் முதல் வேலைக்காரக் கறையான்கள் இரை தேடி வெளியே வரும் காலத்தில், அவற்றின் வழியில் இந்தக் காளான்களின் தூள் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் புதுக் கூட்டில் தோட்டம் போடும். பெரும்பாலான இனங்களில் இப்படித்தான் உறவு தொடர்கிறது. கறையான் இல்லாமல் இதை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர இன்னும் வழி பிறக்கவில்லை. மழைக்காலத்தில் கூறு கட்டி விற்பது அத்தனையும் மண் கொடுத்தது. நம் பக்கத்து இனங்களில் ஒன்றை, டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று 1979ல் விவரித்துப் பெயரிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன்.

கறையானும் காளானும் சேர்ந்தே வரும் என்பது தமிழுக்கு வெகு பழைய செய்தி. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வறுமைப்பட்ட சமையலறையைக் காட்டும்போது, பழஞ்சுவரைக் கறையான் கூட்டம் அரித்து உதிர்த்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் ‘காளாம்பி’. தண்டுக்குள் துளை இருப்பதைக்கூட அந்தப் புலவர் விடவில்லை.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில், காளான் வளர்க்கும் மரக்கட்டைகளுக்கு மின்னல்போல் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தபோது விளைச்சல் கூடியிருக்கிறது. ஒரே இரவில் எழுவதற்கோ வேறு காரணம். மொட்டிலேயே செல்களெல்லாம் உருவாகித் தயாராக இருக்கின்றன. மழை கிடைத்ததும் தண்ணீரை உறிஞ்சி, பலூன்போல் ஊதிக்கொள்வதுதான் பாக்கி. பதினொன்றும் வட்டமாக நின்றதற்கும் விளக்கம் உண்டு: மண்ணுக்குள் பூஞ்சை இழை ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் பரவுகிறது, அதன் ஓரத்தில் காளான் முளைக்கிறது.

காலை ஆறு மணிக்கே அந்தப் பெண் வந்துவிட்டாள். அக்கா வாசலில் நின்றார், முறம் கையில். கிண்ணத்தை எடுத்து, குடையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஆடாமல் தூக்கினேன்.

தாளில் ஒரு சக்கரம் விழுந்திருந்தது. நடுவில் தண்டு இருந்த இடம் வெறுமையாக, அங்கிருந்து விளிம்புவரை மயிரிழை மயிரிழையாக ஆரங்கள். செவுளுக்கும் செவுளுக்கும் இடையே விழுந்த தூள், கோடு கோடாக. வெள்ளைத்தாளின் பாதியில் நிறம் தெளிவாகத் தெரிந்தது: வெளிறிய பச்சை, காய்ந்த பாசியின் பச்சை.

“பச்சையா இருக்கு மாமா!”

உலகில் பச்சைத்தூள் கொட்டும் பெரிய குடைக்காளான் மிக அபூர்வம். புல்வெளியில், செதிலோடு, தண்டில் நகரும் வளையத்தோடு நிற்பது க்ளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளெங்கும் புல்தரையில் மழைக்குப்பின் வருவது இது. இளசாக இருக்கும்போது செவுள் தூய வெள்ளை. தூள் முதிர்ந்த பிறகுதான் பச்சை ஏறும். ஆகையால் முதல்நாள் மாலையில் அக்கா பார்த்தது நல்ல வெள்ளைக்காளானைத்தான், அவர் கண்ணில் பிழை இல்லை. சாப்பிட்டிருந்தால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியிருக்கும். நீர்ச்சத்து வற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போயிருக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு அது ஆபத்து. அக்கா மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு முறத்தை அப்படியே குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு, முறத்தையும் கழுவி வெயிலில் வைத்தார்.

யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு. மிச்சமிருக்கும் சமைக்காத காளானும், இல்லாவிட்டால் சமைத்த மிச்சமும், காகிதப்பையில் கூடவே போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் அது அழுகிவிடும். வாந்தி ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் இன்னும் பயப்பட வேண்டும். சீக்கிரம் தொடங்கியதால் மட்டும் ஆறுதல் அடையவும் முடியாது, ஒரே சட்டியில் இரண்டு வகை சேர்ந்திருக்கலாம். ஒருநாளில் சரியாகிவிட்டதே என்று திரும்பி வந்துவிடவும் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு ஆசை அடங்கவில்லை. அவளுக்கு நான் சொன்ன பாடத்திட்டம் கடைத்தெருவில் தொடங்குகிறது. மொட்டுக்காளான், சிப்பிக்காளான், பால்காளான் மூன்றையும் வாங்கு. பால்காளான் நம் நாட்டுக்காளான். 1974ல் மேற்கு வங்கத்தில் அறிவியல் பெயர் பெற்று, இன்றைக்குத் தமிழ்நாட்டுக் குடிசைகளில் வளர்கிறது. மூன்றையும் திருப்பிப் பார், பிளந்து பார், மோந்து பார், ஒரே இரவில் மூன்று கிண்ணம் கவிழ்த்து வை. பிறகு வெளியே பார்க்கிற காளானை வரை, எழுது. எங்கே, எந்த மரத்தடி, புல்லா சாணமா புற்றா, அடியில் கிண்ணமா வாலா, வளையம் இருக்கிறதா, செவுள் தண்டைத் தொடுகிறதா, தூள் என்ன நிறம். இரண்டு மூன்று மழைக்காலம் இப்படியே போகட்டும். வாயில் வைப்பதற்கு, அந்த ஊர்க் காளானை அந்த ஊரிலேயே நாற்பது வருஷம் பறித்த ஒருவர் பக்கத்தில் நின்று, முழுக்காளானையும் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

கார்த்திகையில் அக்கா அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போய்வந்தார். பூவரசிலையில் பொதிந்து எனக்கென்று ஒன்று கொண்டுவந்திருந்தார். சமைக்க அல்ல, காட்ட. கூரான மூக்கு வைத்த வெள்ளைக்குடை, செதில் இல்லை. தண்டுக்குக் கீழே செம்மண் ஒட்டிய வால், என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை. “மதினி தோண்டினாங்க. அறாம வந்துருக்கு பாருங்க தம்பி” என்றார்.

அன்றிரவு கிண்ணத்தைக் கவிழ்த்தது அவர் மகள். தூள் இளஞ்சிவப்பு கலந்த பாலாடை நிறத்தில் விழுந்தது. அவளுடைய நோட்டில் இரண்டு சக்கரங்களும் இப்போது எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன, நடுவே ஒரு பட்டர் தாள். பச்சைக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: தெருக்கோடி மனை, புல், வால் இல்லை. எதிர்ப்பக்கத்தில்: பெரியமாமா தோட்டம், புற்றுக்கரை, வால் இருபத்தைந்து சென்டிமீட்டர், நுனி மட்டும் அறுந்திருக்கிறது.